டிவி முன்னால் வளரும் பிள்ளைகள்: குழந்தை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. டிவி போட்டால்தான் வாய் திறக்கிறாள். (ராபர்ட்சன்பேட்டை)

பதில்: அணைத்துவிட்டு ஊட்டுங்கள். ரெண்டு நாள் அழுவாள், பசித்தால் சாப்பிடுவாள். இரண்டு வயதுவரை திரையே கூடாது.

கேள்வி: நானும் கணவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய்விட்டு இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புகிறோம். இரண்டரை வயது மகன் ஆயாவோடு இருக்கிறான். பகலெல்லாம் கார்ட்டூன்தான். பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. டிவி பார்த்தால் பேச்சு வரும் என்கிறார்களே? (மாரிக்குப்பம்)

பதில்: யார் சொன்னது? எத்தனை வீடுகளில் இதைக் கேட்டுவிட்டேன்! முதலில், இந்த வாரமே பிள்ளையின் காதைச் சோதித்துவிடுங்கள். இரண்டரை வயதுக்குப் பத்து வார்த்தை குறைவு. ‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

2003-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். எதிரே உட்கார்ந்து ஒருவர் விளையாட்டுக் காட்டிப் பேசியபோது, அந்த மொழியின் ஒலிகளை அவை பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் டிவியில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. பிள்ளை ‘ங்கா’ என்றால் டிவி திருப்பிச் சொல்லாது. அவன் கைகாட்டும் பக்கம் அது பார்க்காது. யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவியும் கெடுதல்தான். அது ஓடினால் வீட்டில் பெரியவர்களின் பேச்சே குறைந்துபோகிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை, அம்மா. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து நம் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான். வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. திரும்பி வரும்போது ரயிலிலிருந்தே வீடியோ காலில் அவனோடு பேசுங்கள். பதில் சொல்லும் முகம் என்பதால் அது டிவி கணக்கில் சேராது. வீட்டுக்கு வந்ததும் அவன் விழித்திருந்தால் அரை மணி நேரம் அவனுக்கு மட்டும். ஆயா கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பேசட்டும். தாத்தா எந்த ஷாஃப்டில் இறங்கினார் என்ற கதையே போதும். மூன்று வயது ஆனதும் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு சீரியல். நாலு வயதுப் பேத்தி ராத்திரி அலறி எழுகிறாள்; அவள் கெட்டுப்போகிறாள் என்று மகள் திட்டுகிறாள். (சாம்பியன் ரீஃப்)

பதில்: பெரியம்மா, பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் இளைப்பாறல் வேண்டும். அவள் தூங்கும் நேரத்தில் பாருங்கள். நாலு வயதுக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியாது. மருமகளை அடிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரி அலறி எழுந்திருக்கிறாள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன். நாங்கள் வருவதற்குள் சண்டைப் படமாகப் பார்த்துவிட்டு, தங்கையை அடிக்கிறான். கேபிளை வெட்டிவிடவா? (ஊர்காம்)

பதில்: வெட்டினால் பக்கத்து லைன் வீட்டில் போய்ப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் பார்ப்பதை நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். அடிபட்டவனுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் பெரியவர் யாருமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. நீங்கள் வரும்வரை இரண்டு பிள்ளைகளும் இருக்க அத்தை வீடோ டியூஷனோ முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: ஒரே அறைதான் வீடு. டிவியை எங்கே வைப்பது? (கோரமண்டல்)

பதில்: இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளை படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள், கிரிக்கெட் ஓடினாலும்.