எந்தப் பரீட்சை முதலில்?



மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னைக் கோவில் வாசலில் நிறுத்தினார். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. "ஜே.இ.இ. எழுது என்கிறார் என் தம்பி. நீட் எழுது என்கிறார் மைத்துனர். இரண்டையும் எழுது என்கிறது டியூஷன் வகுப்பு. எதை முதலில் எழுத வைப்பது, ஐயா?" என்று கேட்டார். "மகள் என்ன சொல்லுகிறாள்?" என்றேன். அவர் சற்றுத் திகைத்து நின்றார். "அவளைக் கேட்கவில்லையே!" என்றார்.

அவரைக் குறை சொல்ல வேண்டாம். நம்மில் பலர் வீட்டிலும் இதுவே நடக்கிறது. ஆகவே இந்த வாரம் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய கதை. நம் மாநிலத்தில் 1984 முதல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. உங்களில் சிலரே அதை எழுதியிருப்பீர்கள். 2006-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது நீங்கியது. 2007 முதல் நம் மாநிலப் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ கணித மதிப்பெண் நூறுக்கும், பௌதிகமும் ரசாயனமும் ஐம்பது ஐம்பதுக்கும் கணக்கிடப்பட்டு, இருநூறுக்கு ஒரு கூட்டு மதிப்பெண் போடுகிறார்கள். கிண்டிப் பொறியியற் கல்லூரியானாலும் சரி, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியானாலும் சரி, கலந்தாய்வில் இந்த இருநூறுதான் பேசும். அப்படியானால், மார்ச் மாதத்துப் பொதுத் தேர்வே உங்கள் பிள்ளையின் பெரிய நுழைவுத் தேர்வு அல்லவா? இதை மறந்துவிட்டு, "பள்ளிப் பரீட்சை தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பெற்றோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, மற்றப் பரீட்சைகள் எப்போது வருகின்றன? 2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வு ஜனவரி 22-ல் தொடங்கியது. நம் மாநிலப் பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. ஏப்ரல் 2-ல் ஜே.இ.இ. இரண்டாம் அமர்வு. மே 4-ல் நீட். மே 18-ல் ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. பொதுத் தேர்வின் கடைசித் தாளுக்கும் ஏப்ரல் அமர்வுக்கும் இடையே ஒரே ஒரு வாரம்! களைத்துப்போன பிள்ளைக்கு அது மூச்சு விடவே போதாது. தேதிகள் ஆண்டுதோறும் சற்று முன்பின்னாகலாம். வரிசை பெரும்பாலும் இப்படித்தான். சட்டப் படிப்பை விரும்புகிறவர்களுக்கு இன்னும் முந்தி, டிசம்பரிலேயே கிளாட் வந்துவிடுகிறது. அது ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதை முன்னதாக எண்ணிப் பார்க்க வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு 2022 முதல் கியூட் என்ற தேர்வு உண்டு. அது பொதுத் தேர்வுக்குப் பிறகு வருவதால் இங்கே நம்மைத் தொந்தரவு செய்யாது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஜே.இ.இ.யை இரண்டு அமர்வுகளிலும் எழுதலாம். இரண்டில் எது மேலோ அதையே தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஜனவரியில் குறைந்தால் அது பிள்ளையின் தலையில் ஏறி உட்காராது. நீட் அப்படியல்ல. ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு; அன்றைக்குத் தலைவலி வந்தால் அடுத்த ஆண்டுதான். திரும்பவும் எழுதக்கூடிய பரீட்சையை முதலில் எழுதிப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். மேலும், ஜனவரிக்காகப் படிக்கும் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும், நான் மேலே சொன்ன அந்த இருநூறுக்கும் உதவுகின்றன. செலவு? 2025-ல் பொதுப் பிரிவு மாணவனுக்கு ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய், மாணவிக்கு எண்ணூறு.

"அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் ஜனவரியில் எழுதட்டுமே" என்பீர்கள். இல்லை. கணிதம் எடுக்காத பிள்ளைக்கு அது வேண்டாம். கணிதம் எடுத்திருந்தும் மருத்துவம் ஒன்றையே மனத்தில் வைத்திருக்கிற பிள்ளைக்கும் வேண்டாம். நீட்டின் 180 வினாக்களில் 90 உயிரியல். கணிதத்துக்குப் பொதுத் தேர்வுக்கு வேண்டிய அளவு போக, கூடுதலாகச் செலவழிக்கிற ஒவ்வொரு மாலையும் அங்கிருந்து எடுப்பதுதான்.

தெரியாத பிள்ளைதான் நமக்குக் கஷ்டம். அதற்கு ஒரு வழி சொல்லுகிறேன். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை ஒரு ஜே.இ.இ. தாள், அடுத்த சனிக்கிழமை ஒரு நீட் தாள். வீட்டில், கடிகாரத்தை முன்னால் வைத்து, மூன்று மணி நேரம். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள், விருந்தாளிகளை மாலையில் வரச் சொல்லுங்கள். ஜே.இ.இ.யில் 75 வினா. ஒரு வினாவுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். நீட்டில் ஒரு வினாவுக்கு ஒரே நிமிடம். முன்னது உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளையைத் தேடுகிறது. பின்னது படித்ததைத் தவறாமல், விரைவாக எடுத்துத் தருகிற பிள்ளையை. இரண்டிலும் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். திருத்தும்போது எத்தனை சரி என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை விட்டாள், எத்தனையைக் குருட்டாம்போக்கில் எழுதினாள் என்று பாருங்கள்.

ஜனவரி அமர்வின் முடிவு பிப்ரவரியில் வரும்போது ஒரு குழப்பமும் கூடவே வரும். அதில் வருவது நூற்றுக்கு மதிப்பெண் அன்று, பர்சென்டைல். தொண்ணூறு என்று இருந்தால், அந்த வேளையில் எழுதிய நூறு பேரில் தொண்ணூறு பேர் உங்கள் பிள்ளையின் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். இலட்சக்கணக்கானோர் எழுதுவதால், தொண்ணூறுக்கு மேலே இருப்போரும் ஒரு பெருங்கூட்டமே. இனிப்பு வாங்குவதற்கு முன்பு தரவரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்பதையும் மறவாதீர்கள்.

இன்னொன்று. ஜனவரிக்கான விண்ணப்பம் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ திறந்துவிடுகிறது. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் தலைப்பெழுத்தை விரித்து ஒரு பெயர் என்று நம் வீடுகளில் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். மத்திய அரசுப் படிவத்தில் பிற்பட்டோர் சான்றிதழ் தனி. நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

அந்தத் தகப்பனார் போன ஞாயிறு மறுபடி வந்தார். மகளைக் கேட்டாராம். "தெரியவில்லை, அப்பா" என்றாளாம். இரண்டு சனிக்கிழமைகளும் அவளை உட்கார வைத்தார். நீட் தாளில் மதிப்பெண் அதிகம், ஜே.இ.இ.யில் கணிதத்தில் பாதியை விட்டுவிட்டாள். "பார்த்தீர்களா, டாக்டர்தான்!" என்று தாயார் மகிழ்ந்தார். ஆனால் மகள், "அப்பா, முதல் சனிக்கிழமை மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை; இரண்டாவது சனிக்கிழமை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றாளாம்.

ஜனவரியில் ஒரு முறை எழுதட்டும் என்றேன். பிப்ரவரியில் முடிவைப் பார்த்து, ஏப்ரலா மேயா என்று அவளே சொல்லட்டும், அதுவரை பொதுத் தேர்வுப் பாடங்களை விட வேண்டாம் என்றேன். அவர் தலையசைத்தார். படியிறங்கும்போது நின்று, "அவள் அம்மாவிடம் யார் சொல்லுவது, ஐயா?" என்று கேட்டார். "நீங்கள்தான்" என்றேன்.