துணியில் அச்சிட்ட படம் ஏன் கரைகிறது?

மாணவர்களே, என் பாட்டியின் புகைப்படத்தைப் பருத்தித் துணியில் அச்சிட்டு, அவர் உடுத்திய சேலைத் துண்டுகளோடு இணைத்து ஒரு போர்வை தைத்தேன். முதல் சலவையிலேயே பாட்டியின் முகம் நீலக் கறையாகிவிட்டது. பக்கத்திலிருந்த வெள்ளைச் சேலைத் துண்டிலும் அது ஊறியது. அந்தச் சேலை இனிக் கிடைக்காது. என் தையலில் தவறில்லை; நான் மையைச் சோதிக்காததுதான் தவறு.

இருவகை மை

இங்க்ஜெட் அச்சுப்பொறி நுண்ணிய மைத்துளிகளைத் தெளிக்கிறது. சாய மையில் நிறப்பொருள், தேநீரில் சீனி கரைவதுபோல், நீரில் கரைந்திருக்கும். காய்ந்த பின்னரும் நீர் பட்டால் மீண்டும் கரையும். நிறமி மையில் நிறப்பொருள் கரையாத நுண்துகள்களாக மிதக்கும். நீர் ஆவியானதும் அவை நூலிழைகளில் தங்கிவிடும். மையில் பிசின் இருந்தால், அது அவற்றை இழையோடு பிடித்துவைக்கும். அதனால் சலவையில் எளிதில் போகாது.

அப்படியானால், சாயத்தால் தீட்டிய பாத்தேக் துணி மட்டும் ஏன் வெளுப்பதில்லை? அதில் பெரும்பாலும் வினைபுரியும் சாயங்கள் பயன்படுகின்றன. இவை 1956இல் விற்பனைக்கு வந்தன. சோடியம் சிலிகேட் போன்ற காரப்பொருள் பூசியதும், சாய மூலக்கூறு பருத்தியின் செல்லுலோஸோடு வலுவான வேதிப் பிணைப்பை உண்டாக்குகிறது. வீட்டு அச்சுப்பொறியின் சாய மையில் இந்தப் பிணைப்பு உருவாவதில்லை.

செய்முறை

1. பாலியெஸ்டர் கலவாத வெள்ளைப் பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சியை நீக்குங்கள்.
2. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய ஃபிரீசர் தாளின் பளபளப்பான பக்கத்தில் துணியை வைத்து, நீராவியின்றி இஸ்திரி போடுங்கள். பூச்சு இளகித் துணி ஒட்டிக்கொள்ளும்.
3. ஏ4 அளவுக்கு (210 × 297 மி.மீ.) வெட்டி, தொங்கும் நூல்களை நறுக்குங்கள்.
4. ஒவ்வொரு தாளாக அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டுத் தாளை உரியுங்கள்.

கவனம்: லேசர் அச்சுப்பொறியில் இதைச் செய்யாதீர்கள். அதன் சூட்டு உருளை பிளாஸ்டிக் பூச்சை உருக்கி, இயந்திரத்தைப் பாழாக்கும்.

சோதித்துப் பாருங்கள்

பல வீட்டு அச்சுப்பொறிகளில் கறுப்பு நிறமி மையாகவும், மற்ற நிறங்கள் சாய மையாகவும் இருக்கும். உங்களுடையது எப்படி? கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் கட்டங்களைத் துணியில் அச்சிடுங்கள். உலர்ந்ததும் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியைத் தனித்தனிக் குவளையில் 10 நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். மறுபாதியோடு ஒப்பிடுங்கள்.

தற்சார்பு மாறி: மையின் நிறம்
சார்பு மாறி: நிறம் மங்கும் அளவு
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: துணி, நீரின் அளவு, நேரம்

எந்தக் குவளையின் நீர் நிறம் மாறுகிறதோ, அந்த மை சலவைக்கு உதவாது. இந்த 10 நிமிடச் சோதனையை நான் அன்றே செய்திருந்தால் அந்தச் சேலைத் துண்டு தப்பியிருக்கும். முதலில் சோதனை, பிறகு தையல்.