ஒளுவைக் காக்க உடலைக் கெடுக்கலாமா?

மஃரிபு தொழுதுவிட்டு, "இஷாவுக்கும் இந்த ஒளுவே இருக்கட்டும்" என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு பள்ளியில் அமர்ந்திருப்போர் நம்மில் பலருண்டு. நெடும் பயணத்திலும் கல்யாண வீட்டிலும் நம் பெண்மக்களின் நிலை இதைவிடச் சிரமம். ஒதுங்க வசதியில்லையென்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இது பேணுதல் அல்ல. சிறுநீர் நெருக்கும்போது அதை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. போய்வந்து, புதிதாக ஒளுச் செய்து, மன ஓர்மையுடன் தொழுவதே சிறப்பு. மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. தேங்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகும்; அவை மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கவும் கூடும்.

உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் தந்த அமானிதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகளை அவன் அமைத்திருக்கிறான். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, பெரும்பகுதியை இரத்தத்துக்கே திருப்பி, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டுமே வெளியேற்றுகின்றன. அழிந்த வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை. நாற்பதைத் தாண்டியபின் அவற்றின் திறன் சிறிது சிறிதாகக் குறைவதும் இயற்கை. எனவே அவ்வயதில் சில பழக்கங்களைத் திருத்திக்கொள்வது அவசியம்.

முதலாவது, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

இரண்டாவது, வலி மாத்திரை. முழங்கால் வலிக்கென்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசமோ ஈயமோ கலந்த, பெயர் தெரியாத மருந்துகளும் அவ்வாறே.

மூன்றாவது, புகை. பீடியும் சிகரெட்டும் நுரையீரலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன.

நான்காவது, அலட்சியம். சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணங்கள் நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே. இவை வலி தந்து எச்சரிப்பதில்லை. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, பசி மங்கும்போது பாதிக்குமேல் பழுதாகியிருக்கலாம். பிறகு வாரம் மூன்று முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் நிலை வரும்; அதன் செலவில் குடும்பமே தளர்ந்துவிடும். ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பரிசோதித்தால் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பல முறை குடியுங்கள். சிறுநீரக நோயாளிகளோ நோன்பு வைக்கலாமா, எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நோயாளிக்கு ரப்புல் ஆலமீன் அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தில் சலுகை வழங்கியிருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதில் குறைவேதுமில்லை.

ஸுஜூதுக்குக் குனியும் உடலைக் காப்பதும் நம் கடமையே. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.