தக்காளி கத்தரிக்கா

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகமும் பாட்டும் நடத்த உன்னைக் கூப்பிட்டிருப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கூடவே அனுப்பியிருந்த நாடகப் பிரதியையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனாலும் அதை வகுப்புக்குக் கொண்டுபோகாதே. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் வசனத் தாளைக் கொடுத்துவிட்டால் அதற்கு ஒரே கவலைதான்: என் வரி எப்போது வரும்? பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. நல்ல ஞாபகசக்தியுள்ள நாலு பேர் முன்னால் நிற்பார்கள், மற்றவர்கள் மரமாகவும் மேகமாகவும் பின்னால் நின்று கால் வலியோடு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகள் நாடகம் என்று பேச்செடுத்தால் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் 1922இல் மறைந்தது புதுச்சேரியில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். பாட்டும் வசனமும் முழுக்க மனப்பாடம். வீட்டை விட்டு வந்து கம்பெனியில் தங்கி, பெரியவர்களின் வேஷத்தைக் கட்டி, பெரியவர்களின் பேச்சைப் பேசிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பயிற்சி தமிழ் மேடைக்குப் பெரிய நடிகர்களைக் கொடுத்தது. ஆனால் அது தொழில்முறை மேடைக்கான பயிற்சி. அதை அப்படியே நாற்பது நிமிடப் பள்ளிப் பீரியடுக்குள் கொண்டுவந்து ஆண்டுவிழா நாடகமாக்கியதுதான் நாம் இன்றுவரை செய்துவருவது.

சுவாமிகளிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்தின் திறமையைப் பார்த்துவிட்டு, அவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பது நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகுதான் எழுதினார். நீ பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டாய்.

வேலு சரவணனின் ‘ஆழி’ குழு நாடகங்களைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆசையே வந்தது என்று எழுதியிருந்தாய். ‘கடல் பூதம்’ நடக்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆடுவது தேர்ந்த நடிகர்கள், பிள்ளைகள் பார்வையாளர்கள். உன் வகுப்பில் பார்வையாளர் என்று யாருமே இருக்கக் கூடாது. பீட்டர் ஸ்லேட் என்ற ஆங்கிலேயர் 1954இல் எழுதிய ‘சைல்ட் டிராமா’ என்ற புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார். பிள்ளைகள் தாங்களாகவே ஆடும் நாடகம் தனிக் கலை, அதைப் பெரியவர்கள் மேடையின் சின்ன நகலாகப் பார்க்கக் கூடாது என்றார். தெருவில் சொப்பு வைத்து விளையாடும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நின்று பார், அவர் சொன்னது புரியும்.

சரி, பிரதி இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது? பள்ளிக்குப் பக்கத்திலேயே பெரிய மார்க்கெட் இருக்கிறது. பலகையில் குபேர் அங்காடி என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிப் பக்கமாக நுழைந்தால் காய்கறி, பூ, வாழை இலை, தேங்காய், கருவாடு, மீன் என்று ஒவ்வொரு வரிசைக்கும் தனி வாசனை, தனிச் சத்தம். நடுவில் மணிக்கூண்டு. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கு, ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கூட்டிப் போ. காலை நெரிசல் தணிந்த பிறகு போ. மீன் பக்கம் தரை ஈரமாக வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளச் சொல். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே. ஒவ்வொரு குழுவுக்கும் ஐம்பது ரூபாய் கொடுத்து எதையாவது வாங்கி வரச் சொல். சும்மா வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைக்கும் பேரம் பேசப் போன பிள்ளைக்கும் ஞாபகத்தில் நிற்பது ஒன்றாக இருக்காது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வேலை கொடு: யாராவது ஒருவருடைய கையை மட்டும் பார்த்துவிட்டு வா. இதை நான் பல வகுப்புகளில் செய்திருக்கிறேன், ஏமாந்ததில்லை. ஒரு சிறுமி பூக்கார அம்மாவின் கையைப் பார்த்து வந்தாள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்து அளந்தது, அளந்த பிறகு இன்னும் இரண்டு கணு சேர்த்து விட்டது, நறுக்கும் முன் வாங்குகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது எல்லாவற்றையும் வகுப்பில் செய்துகாட்டினாள். கையில் பூவும் இல்லை, நாரும் இல்லை. வாயே திறக்கவில்லை. பார்த்த அத்தனை பிள்ளைகளும் “பூக்காரம்மா” என்று கத்தினார்கள்.

கையிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரலிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் சினிமாவில் பார்த்த மீன்காரம்மாவைத்தான் செய்வார்கள்: இடுப்பில் கை, வாய் நிறையக் கத்தல், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதே வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா அங்கேதான் கூடையோடு உட்கார்ந்திருப்பார். அந்தப் பிள்ளையின் முகம் அப்போது எப்படிப் போகும் என்று நினைத்துப் பார். அருவாமனையை மிதித்து வஞ்சிரத்தைத் துண்டு போடும் கையைச் செய்யச் சொன்னால், எந்தப் பிள்ளைக்கும் கேலி செய்யத் தோன்றாது. அவ்வளவு சுலபமில்லை என்பது செய்யும்போதே அதற்குத் தெரிந்துவிடும். ஆண் பிள்ளையும் மீன்காரம்மாவாகலாம், பெண் பிள்ளையும் மூட்டை தூக்கலாம். அதைக் கேட்டு யாராவது சிரித்தால் திட்டாதே, அடுத்த முறை அவனையே அந்தப் பாத்திரமாக்கிவிடு.

பாட்டுக்கு வருகிறேன். கீபோர்டு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஜெர்மானியரான கார்ல் ஆர்ஃப் பிள்ளைகளுக்காக வகுத்த முறையில் இசை தொடங்குவது பேச்சிலிருந்து. பெயரைச் சொல்வது, அதன் அசைக்குக் கை தட்டுவது, தொடையில் தட்டுவது, பிறகுதான் வாத்தியம். நமக்கு இது புதிதும் இல்லை. மிருதங்கப் பாடம் வாயால் சொல்லும் சொற்கட்டில்தானே தொடங்குகிறது?

மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வாங்கிய காய்களை வட்டத்தின் நடுவில் வை. தக்காளி: தக்-கா-ளி, மூன்று தட்டு, தகிட. கத்தரிக்கா: கத்-த-ரிக்-கா, நாலு, தகதிமி. கொத்தவரங்கா: கொத்-த-வ-ரங்-கா, ஐந்து, தகதகிட. ஒரு பாதி வகுப்பு தக்காளி, மறுபாதி கத்தரிக்கா என்று மாறிமாறிச் சொல்லட்டும். தக்காளி கத்தரிக்கா, தக்காளி கத்தரிக்கா. மூன்றும் நாலும் ஏழு, அசல் மிஸ்ர சாபு. பெரியவர்கள் விரல் விட்டு எண்ணித் தடுமாறும் தாளத்தை எட்டு வயதுப் பிள்ளைகள் குதித்துக்கொண்டே போடுவார்கள். தாளத்தின் பெயரை அன்றைக்குச் சொல்ல வேண்டாம், கேட்டால் சொல்.

அதன் பிறகு சத்தங்களை அடுக்கு. ஒரு குழு தராசுத் தட்டில் எடைக்கல் விழும் ‘டங்’கை மட்டும் செய்யட்டும். ஒரு குழு மூட்டைக்காரரின் “ஓரம், ஓரம்”. ஒரு குழு தேங்காய் உரிப்பது. ஒரு குழு பேரம், அதுவும் முணுமுணுப்பாக. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, அது கையை உயர்த்தினால் சத்தம் ஏற வேண்டும், தாழ்த்தினால் இறங்க வேண்டும், மூடினால் நிற்க வேண்டும் என்று சொல். இதற்கு, எப்போதும் அடங்காமல் ஓடுகிறான் என்று டீச்சர் உன்னிடம் சொல்லிவைக்கிற பையனையே கூப்பிடு. முப்பது பேர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு வரும் கவனம் வேறு மாதிரி இருக்கும்.

பாடும்போது ஒரு எச்சரிக்கை. உன்னுடையது கட்டைக் குரல். நீ உனக்கு வசதியான சுருதியில் எடுத்தால், பிள்ளைகள் அந்தக் குரலைப் பிடிக்கக் கீழே இறங்கி முனகுவார்கள், இல்லையென்றால் தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள். ஒரு பிள்ளையைப் பாடவிட்டு அது எடுத்த சுருதியை நீ பிடித்துக்கொள். பாட்டைக் கற்றுக்கொடுத்த பிறகு நீ வாயை மூடிக்கொண்டு அவர்களைக் கேள்.

இனி நாடகம். இங்கிலாந்தில் டாரத்தி ஹீத்கோட் என்ற ஆசிரியை ஒரு வழி வைத்திருந்தார். ஆசிரியர் வெளியே நின்று இயக்காமல் கதைக்குள் தானும் ஒரு பாத்திரமாக நுழைந்துவிடுவது. நீ தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள். துண்டு இருந்தால் நீ அதிகாரி, எடுத்துவிட்டால் அண்ணா. இதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடு. அவர்கள் கடை விரித்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கட்டும். நீ கையில் ஒரு காகிதத்தோடு வந்து, “கட்டடம் பழசாயிடுச்சு. இடிச்சுப் புதுசாக் கட்டப்போறோம். அதுவரைக்கும் எல்லாரும் வேற இடத்துக்குப் போகணும்” என்று சொல். இது கற்பனை இல்லை. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்துப் போராடியது உனக்கும் தெரியும். பிள்ளைகளில் சிலர் வீட்டில் அந்தப் பேச்சு சோற்றோடு சேர்ந்தே நடந்திருக்கும்.

நான் இதைச் செய்தபோது ஒரு பிள்ளை கேட்டது: “புது எடம் தெரியாம ஆளுங்க வரலைன்னா, வாடிப்போன பூவுக்கு யார் காசு குடுப்பாங்க?” இன்னொன்று: “மணிக்கூண்டையும் இடிச்சிடுவீங்களா?” மூன்றாவது பிள்ளை எழுந்து, “மழை பெஞ்சா இங்க ஒழுகுதே, புதுசு வேணும்தான்” என்றது. மூன்றையும் நான் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. அந்த இடத்தில் நீ தீர்ப்புச் சொல்லாதே. எந்தப் பக்கம் சரி என்று உனக்கு ஒரு எண்ணம் இருக்கும், எனக்கும் இருக்கிறது, அது அவர்களுக்கு வேண்டாம். “இதை நான் மேலே போய்ச் சொல்லணும். எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க” என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. வகுப்பில் நிசப்தம் விழுந்தால் பயந்துபோய் நீயே பேசி நிரப்பாதே. பிள்ளைகள் யோசிக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

முடிந்ததும் துண்டை எடு. எல்லோரும் கையை உதறி, தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி வட்டத்தில் உட்காரட்டும். கோபமாக நடித்த பிள்ளை அந்தக் கோபத்தோடு சாப்பாட்டு வரிசையில் போய் நிற்கக் கூடாது. இதை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதே, நேரமாகிவிட்டது என்று மணி அடித்தாலும்.

நடிக்க வர மாட்டேன் என்று சுவரோரம் உட்காரும் பிள்ளை கட்டாயம் ஒன்றாவது இருக்கும். இழுத்துக்கொண்டு வராதே. தாளத்துக்குத் தட்டும் வேலையைக் கொடு, இல்லை, யார் என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடு. பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்திருக்கும்.

கடைசி நாள் பெற்றோர் முன்னால் நிகழ்ச்சி வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்பார். மறுக்காதே, பார்க்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை நியாயமானது. மேடை போடாமல் வகுப்பையே திறந்துவிடு. பாய் விரித்து அவர்களையும் வட்டத்தில் உட்காரவை. பிள்ளைகள் பெற்றோருக்குத் தக்காளி கத்தரிக்கா சொல்லிக்கொடுக்கட்டும். மார்க்கெட்டில் உட்காரும் அம்மாக்களால் வியாபார நேரத்தில் கடையை விட்டு வர முடியாது. அதனால் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு அழைப்பிதழ் எழுது.

என்னிடம் ஒரு தமுக்கும் இரண்டு ஜோடி ஜால்ராவும் சும்மா கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
அக்கா