ஆணித் துப்பாக்கி: விரைவும் விழிப்பும்

கோலாலம்பூர் நகரம் ஒரு காலத்தில் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளால் நிறைந்திருந்தது. 1881-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏற்பட்ட பெருந்தீ அவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்தது. அதன் பின்னர், 1880-களில் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடுகள் கட்டும் முறை பரவியது. செங்கல் சூளைகள் நிறைந்திருந்த இடமே இன்று நாம் அறிந்த பிரிக்பீல்ட்ஸ்.

ஆயினும், மர வீடுகள் நம் வாழ்விலிருந்து முற்றாக மறையவில்லை. கம்போங் பாருவில் பலகைச் சுவர் வீடுகளை இன்றும் காணலாம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பலகை வீடுகளில்தாம் வாழ்ந்தனர். இன்று உணவகங்களும் தங்கும் விடுதிகளும் அழகுக்காக வெளிச்சுவரில் மரப்பலகை பதிக்கின்றன. அன்று தச்சர் சுத்தியலால் ஓங்கி அடித்த ஆணியை இன்று காற்றழுத்த ஆணித் துப்பாக்கி நொடிப்பொழுதில் செலுத்தி விடுகிறது.

இயங்கும் விதம்

கம்பிரசர் எனப்படும் காற்றழுத்தி, காற்றை அழுத்திக் கலனில் சேமிக்கிறது. அக்காற்று குழாய் வழியாகத் துப்பாக்கியை அடைகிறது. முனையைப் பலகையில் அழுத்தி விசையை இழுத்ததும், காற்று உள்ளிருக்கும் உந்துதண்டைத் தள்ளுகிறது. அதனோடு இணைந்த எஃகுத் தகடு ஆணியை மரத்திற்குள் செலுத்துகிறது. பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 70 முதல் 120 பவுண்டு வரையிலான அழுத்தம் இதற்குத் தேவைப்படும். அழுத்தம் மிகுந்தால் ஆணியின் தலை பலகையைப் பிளந்து உள்ளே புதையும். குறைந்தால் வெளியே துருத்தி நிற்கும். எனவே, முதலில் உதவாத ஒரு பலகைத் துண்டில் அடித்துப் பார்த்து அழுத்தத்தைச் சரிசெய்தல் வேண்டும்.

பலகை பதித்தல்

சுவரின் மரச்சட்டங்களின்மேல் முதலில் நீர்த்தடுப்புத் தாளைப் பொருத்துவர். பின்னர், கீழிருந்து மேலாகப் பலகைகளைப் பதிப்பர். மேற்பலகை கீழ்ப்பலகையின் விளிம்பைக் குறைந்தது 25 மில்லிமீட்டர் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் உள்ளே புகாது வழிந்தோடும்.

ஆணி, பலகையைத் துளைத்து உள்ளிருக்கும் சட்டத்தில் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். சட்டமில்லாத இடத்தில் அடித்த ஆணி பலகையைத் தாங்காது. மேலும், ஓர் ஆணி இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிணைக்கக் கூடாது. ஏனெனில், நம் நாட்டின் ஈரப்பதத்தில் மரம் விரிந்து சுருங்கும். இரு பலகைகளும் இறுகப் பிணைந்தால் அவை வெடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பயன்படுத்தினால் சுவரில் கறை படியாது. செங்கால் போன்ற கடின மரமாயின் முன்கூட்டியே துளையிட வேண்டும். இல்லையேல் பலகை பிளக்கும் அல்லது ஆணி வளைந்து வேறு திசையில் பாயும்.

அவசரத்தின் விலை

இனி, உங்களைவிடச் சில வயதே மூத்த ஒரு பயிற்சித் தொழிலாளியைக் கற்பனை செய்து பாருங்கள். மழை வருவதற்குள் சுவரை முடிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் விரைவுபடுத்துகிறார். அவன் விசையை அழுத்தியபடியே துப்பாக்கியின் முனையைப் பலகையில் தட்டித் தட்டி ஆணிகளை அடிக்கிறான். துப்பாக்கி பின்னுதைத்து மீண்டும் பலகையைத் தொடுகிறது. அவன் எண்ணாத இரண்டாவது ஆணி பாய்கிறது. பலகையைப் பிடித்திருக்கும் அவனது இடக்கை அருகில்தான் இருக்கிறது.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுக்காக அவசரச் சிகிச்சை பெற்றதாக அந்நாட்டின் 2011-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழிகாட்டி கூறுகிறது. காயமடையும் உறுப்புகளுள் கையே முதன்மையானது. விசையை அழுத்தியபடி முனை பலகையில் பட்டாலே ஆணி பாயும் தொடுமுறை விசையைவிட, ஒவ்வோர் ஆணிக்கும் முனையை அழுத்திப் பின் விசையை இழுக்க வேண்டிய வரிசைமுறை விசை மிகவும் பாதுகாப்பானது. அதில் இழக்கும் நேரம் சிறிதே. காக்கும் விரல்களோ விலைமதிப்பற்றவை.

ஆகவே, பின்வருவனவற்றை நினைவிற்கொள்க:

• ஆணி அடிக்கும் இடத்திலிருந்து கையை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்திடுக.
• பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம், காதுக்காப்பு ஆகியவற்றை அணிந்திடுக.
• விசையில் விரலை வைத்தபடி நடக்காதீர்.
• சிக்கிய ஆணியை எடுக்கும் முன் காற்றுக் குழாயைக் கழற்றிடுக.
• உடலில் ஆணி ஆழப் பதிந்தால் அதைப் பிடுங்காதீர். 999 எண்ணை அழைத்திடுக.

சட்டம் தரும் துணை

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறையில் உள்ளது. முதலாளி பாதுகாப்பான சூழலையும் பயிற்சியையும் வழங்க வேண்டும். தொழிலாளி கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவிகளை முறையாகப் பயன்படுத்த வேண்டும். 1 ஜூன் 2024 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னொன்றையும் உறுதிசெய்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைக் களைய நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலக உரிமை உண்டு.

"ஐயா, இந்தத் துப்பாக்கி சரியாக இல்லை, சரிசெய்த பிறகு அடிக்கிறேன்" என்று பணிவாகவும் உறுதியாகவும் கூறுவது கீழ்ப்படியாமை ஆகாது. அதுவும் தொழில் அறிவே. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. நன்றாகப் பதித்த சுவர் பல மழைக்காலங்களைத் தாங்கும். அதைப் பதித்த கைகளும் நலமாக இருந்தால்தான் அந்த வேலை நிறைவு பெறும்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஓர் ஆணி இரு பலகைகளைப் பிணைக்கக் கூடாது என்பதற்கான காரணம் யாது?
2. இருவகை விசைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
3. பயிற்சித் தொழிலாளியின் நிலையில் நீ இருந்தால், மேற்பார்வையாளரிடம் எவ்வாறு பேசுவாய்?