குடுவைச் செடி ஆர்டர் பண்றீங்களா?

பூச்சி தின்னும் குடுவைச் செடியை (நெப்பந்தஸ்) இப்போ மொபைலிலேயே வாங்கலாம். பணம் கட்டும் முன் இனத்தின் பெயரைக் கேளுங்க. மேகாலயாவின் காரோ, காசி மலைகளில் வளரும் 'நெப்பந்தஸ் காசியானா' வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் அட்டவணையில் உள்ளது. உரிமம் இல்லாமல் அதை விற்பதும் வளர்ப்பதும் குற்றம். பெயர் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். புதியவர்களுக்கு நர்சரிக் கலப்பினமான 'வென்ட்ராட்டா' ஏற்றது.

பெரும்பாலும் இந்தச் செடி சாகிறது தண்ணியாலதான். போர் தண்ணியின் உப்பு வேரைக் கெடுத்துடும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணியில் உப்பு இன்னும் அதிகம். அது வேண்டவே வேண்டாம். தொட்டியில் ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் போதும். செம்மண், எரு கூடாது. குடுவைக்குள் கறித்துண்டு போட்டால் அழுகிடும், தானா விழும் எறும்பே போதும்.

கொடி நீண்டதும் இரண்டு மூன்று இலையோடு தண்டை வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப் பாசியில் நடுங்க. பிளாஸ்டிக் கவரால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்க. வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்காதீங்க!