இடுப்பில் ஒரு ஸ்டெப்னி

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். திருமணம் ஒன்றிற்குக் குடும்பத்துடன் செல்லும் வழியில் அவருடைய காரின் பின் டயர் பஞ்சராகிவிட்டது. ஸ்டெப்னியை மாட்டுவதற்காகக் குனிந்து, இறுகியிருந்த நட்டுகளைத் திருகியபோது, மார்பில் பாரம் வைத்தது போன்ற அழுத்தமும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. சற்று அமர்ந்ததும் அவை தணிந்தன. “வாயுத் தொல்லைதான் டாக்டர், இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு குனிய முடியவில்லை” என்றார். மனைவி வற்புறுத்தியதால்தான், அதுவும் மூன்று நாள் கழித்து, அவர் வந்திருந்தார். பரிசோதனையில் இதயத் தமனி ஒன்றில் கணிசமான அடைப்பு இருப்பது தெரிந்தது. உரிய சிகிச்சை பெற்று இப்போது நலமாக இருக்கிறார்.

அவர் தொப்பையைக் குறை கூறியது முற்றிலும் தவறன்று. மூச்சு வாங்கியதற்கு அதை மட்டுமே காரணமாகக் கருதி, நாள்களைக் கடத்தியதே தவறு.

சும்மா கிடக்காத டயர்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்னும் தெரு உண்டு. 1904-இல் அங்கு உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயரே இன்றும் நம் பேச்சில் வழங்குகிறது. இடுப்பைச் சுற்றித் திரளும் கொழுப்பையும் நாம் வேடிக்கையாக ‘டயர்’ என்கிறோம். ஆனால் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு உண்டு. காரின் ஸ்டெப்னி தேவைப்படும் வரை டிக்கியில் சும்மா கிடக்கும். வயிற்றுக் கொழுப்போ இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கும்.

தோலுக்கு அடியில், விரல்களால் பிடிக்கக்கூடிய கொழுப்பு ஒரு வகை. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து உள்ளே படிவது மற்றொரு வகை. இந்த உட்கொழுப்பே அதிகத் தீங்கு செய்வது. இது கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் இன்சுலின் சரிவரச் செயற்பட முடிவதில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு படிதல், இதயத் தமனி அடைப்பு ஆகியவற்றுக்கு இது வழி வகுக்கிறது. கை கால்கள் மெலிந்திருந்தாலும் வயிறு மட்டும் பருத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். எனவே எடை சரியாக இருக்கிறது என்று அமைதி கொள்ள வேண்டா.

அளந்து பாருங்கள்

தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதை எட்டியவர்கள் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவுகளைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வயிறு சில வாரங்களிலேயே விரைந்து பெருத்தாலோ, கால் வீக்கமோ மஞ்சள் காமாலையோ உடன் இருந்தாலோ அது கொழுப்பாக இல்லாமல் நீர்க்கோவையாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

கழற்றும் முறை

டயர் மாற்றத் தெரிந்தவர்கள் ஜாக்கியால் காரை உயர்த்துவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுவார்கள். உயர்த்திய பின் முயன்றால் சக்கரம் சுழலும். கார் ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும். உடற்பயிற்சிக்கும் முன்னேற்பாடு தேவை. இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெடுநாள் உடலுழைப்பு இல்லாதவர்களும் கடும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாக உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

புதிய சக்கரத்தை மாட்டும்போது ஒரு நட்டை மட்டும் முழுமையாக இறுக்குவதில்லை. எதிரெதிராக ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குகிறோம். தொப்பையைக் குறைக்கவும் இதுவே முறை. பட்டினி மட்டுமோ, வயிற்றுப் பயிற்சி மட்டுமோ போதாது. வயிற்றுத் தசைக்கான பயிற்சி தசையை வலுவாக்கும். அங்குள்ள கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. இடுப்புப் பட்டைகளாலும் எண்ணெய்களாலும் உட்கொழுப்பு குறைவதில்லை.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன் என மாற்றுங்கள். நாள்தோறும் நான்கு முறை, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர் அச்சர்க்கரையால் மட்டும் ஏறத்தாழ 160 கலோரி பெறுகிறார். வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் விரைந்து நடப்பதும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும், ஏழு மணி நேர உறக்கமும் துணை நிற்கும். மதுவைத் தவிர்ப்பது நன்று.

டயரை அரை மணியில் மாற்றிவிடலாம். இடுப்பளவு குறைய மாதங்கள் ஆகும். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நன்மை தெரியத் தொடங்கும். மாட்டிய சக்கரத்தின் நட்டுகளைச் சிறிது தூரம் ஓட்டிய பின் மீண்டும் சரிபார்ப்பது போல, மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து குறித்து வையுங்கள்.

உடனிருப்பவர்களுக்கு

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது நெடுநாள் நீடிப்பதில்லை. வீட்டுச் சமையல் முழுவதையும் மாற்றுவதே எளிது. இதய நோயாளியை நட்டு திருகவோ, 15 கிலோவுக்கும் மேல் கனக்கக்கூடிய சக்கரத்தைத் தூக்கவோ விடாதீர்கள்; பிறர் உதவியை நாடுங்கள். வேலையின்போது மார்பில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வேலையை நிறுத்தி அவரை அமரச் செய்து 108-ஐ அழையுங்கள். அவரையே கார் ஓட்ட விடாதீர்கள். வலி தானே தணிந்துவிட்டாலும் அன்றே பரிசோதிக்க வேண்டும். அந்த மனைவி மேலும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நாங்கள் இன்றும் எண்ணிப் பார்க்கிறோம்.